சூரைச்செடியின் கீழே கிடக்கும் பிள்ளைகள்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-18



இந்த வாரச் சிந்தனை வழக்கமான ஆறுதல் செய்தியாக இராது. நம் சேகரக் கமிட்டிக்கு வந்த ஒரு கடிதத்திற்கு விடையாக இதை எழுதுகிறேன். கடிதம் கமிட்டிக்கு வந்தது என்றாலும், அதிலுள்ள எண்ணங்கள் உங்களில் பலருடைய உள்ளத்திலும் இருப்பதை அறிவேன். ஆகவே விடையை உங்கள் அனைவருக்குமே எழுதுகிறேன்.

சென்ற மாதம் வாலிபர் ஐக்கியக் கூடுகைக்கு மனநல ஆலோசகர் ஒருவரை அழைத்திருந்தேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர், ஊடுபால் உடலோடு பிறந்தவர்கள் ஆகிய பிள்ளைகள் எத்தகைய அச்சத்தைச் சுமக்கிறார்கள் என்றும், அந்த அச்சம் சரீரத்தில் எப்படித் தங்கிவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். பின்பு நீளமாக மூச்சை வெளிவிடுதல், பாதங்கள் தரையில் ஊன்றியிருப்பதை உணர்தல், இறுகிய தோள்களைத் தளர்த்துதல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார். ஒருவரும் தன்னைப் பற்றி எதையும் வெளிப்படுத்தும்படி கேட்கப்படவில்லை. நடந்தது இவ்வளவே.

கடிதம் மூன்று குற்றங்களைச் சாட்டுகிறது. ஆலய வளாகத்தில் அந்நிய மார்க்கத்தின் மூச்சுப் பயிற்சி நடந்தது என்பது ஒன்று. பாவத்தைக் கண்டிக்க வேண்டிய போதகர் அதைத் தட்டிக்கொடுத்தார் என்பது இரண்டு. ஜெபமும் உபவாசமும் இருக்க ஆலோசகர் எதற்கு என்பது மூன்று. இவற்றிற்கு விடை சொல்லுமுன் ஒரு தீர்க்கதரிசியையும் ஓர் இளைஞனையும் உங்கள் முன் நிறுத்த வேண்டியிருக்கிறது.

தீர்க்கதரிசி எலியா. யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அப்போது தேவன் செய்ததைக் கவனியுங்கள். அவனைக் கடிந்துகொள்ளவில்லை; விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை; மனந்திரும்பும்படி அழைக்கவுமில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதன் வந்து மெல்லத் தொட்டான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. அவன் தின்று, குடித்து, மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாந்தரமும் வந்து தொட்டு, போகவேண்டிய வழி நெடியது என்று சொல்லி, மறுபடியும் போஜனம் கொடுத்தான். அதன்பின் 40 நாள் நடை. அதன்பின் ஒரு கெபி. அங்கேதான் தேவன் வாய் திறந்தார். திறந்தபோதும் அவனிடம் கேள்வி ஒன்றைத்தான் கேட்டார்.

தூக்கம், உணவு, தண்ணீர், தொடுதல், நடை: இவை அத்தனையும் சரீரத்திற்கானவை. சாக விரும்பிய மனிதனுக்குத் தேவன் செய்த முதல் ஊழியம் சரீர ஊழியம். போதனை பிறகு வந்தது. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

இதே எலியாவின் கதையில் முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை முதல் உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார்கள். பலிபீடத்தைச் சுற்றிக் குதித்தார்கள். இரத்தம் வடியுமட்டும் தங்கள் சரீரத்தையே கீறிக்கொண்டார்கள். அடுத்த அதிகாரத்தில் கர்த்தரோ பெருங்காற்றில் இல்லை, பூமியதிர்ச்சியில் இல்லை, அக்கினியில் இல்லை. மெல்லிய சத்தத்திலே பேசினார். பிரியமானவர்களே, நம்முடைய "விடுதலைக் கூட்டங்கள்" இவ்விரு அதிகாரங்களில் எதற்கு ஒப்பாயிருக்கின்றன? பதிலை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இனி அந்த இளைஞன். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தபோது, ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்துவந்தார். அவன் கல்லூரி மாணவன். பாடகர் குழுவில் பாடுகிறவன். வேறொரு வாலிபனுக்கு அவன் எழுதிய கடிதம் வீட்டாரின் கையில் கிடைத்துவிட்டது. நான் இறையியல் பட்டம் பெற்றவன். எபிரெயமும் கிரேக்கமும் கற்றவன். ஆனால் அன்று நான் அறிந்திருந்த வழி ஒன்றே. மூன்று நாள் உபவாசம் நியமித்தேன். மூன்றாம் நாள் இரவு நாங்கள் ஆறு பேர் அவனைச் சுற்றி நின்று, தலையிலும் தோளிலும் கைகளை வைத்து, அசுத்த ஆவியை அதட்டினோம். நெடுநேரத்துக்குப் பின் அவன் தளர்ந்து விழுந்தான், அசைவற்றுக் கிடந்தான். ஆவி அடங்கிற்று என்று நான் சொன்னேன். அவன் தாய் அழுதுகொண்டே தேவனைத் துதித்தார்.

அதன்பின் அவன் ஆலயத்திற்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அந்தத் தாயின் அடக்க ஆராதனையில் அவரைக் கண்டேன். அவர் நடுவயதை நெருங்கியிருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் தனியே நின்றபோது நானே அருகில் சென்றேன். அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஐயா, நீங்க எல்லாரும் சுத்தி நின்னு கை வெச்சப்போ எனக்கு மூச்சே நின்னு போச்சு. கால் இருக்கான்னே தெரியல. ஆவி அடங்கிடுச்சுன்னு சொன்னீங்க. ஆவி இல்ல ஐயா, நான்தான் அடங்கிப்போனேன். இப்பவும் யாராவது பின்னாலேருந்து தோள்ல கை வெச்சா உடம்பு நடுங்குது. கோயில்ல பாட்டு கேட்டா வயித்தைப் பிரட்டுது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை மன்னிப்பு என்று எழுத எனக்கு உரிமையில்லை.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னாளில் கற்றேன். பேராபத்து நேரும்போது மனிதச் சரீரம் போரிடும் அல்லது தப்பியோடும். இரண்டிற்கும் வழியில்லாதபோது உறைந்துபோகும். மூச்சு மேலோட்டமாகும், கைகால் மரத்துப்போகும், நடப்பது வேறெங்கோ நடப்பதாகத் தோன்றும். நாங்கள் ஆறு பேர் கண்டு மகிழ்ந்த அமைதி, பயத்தினால் உறைந்த ஒரு சரீரத்தின் அமைதி. நாட்டியவை நீங்கியபின்பும் சரீரம் அந்த இரவை மறக்கவில்லை. அதற்கு வார்த்தைகள் இல்லை. நடுக்கமும் குமட்டலுமே அதன் மொழி.

ஒரே இரவு இப்படிச் செய்யுமானால், நாள்தோறும் சுமக்கிற அச்சம் என்ன செய்யும்? இளான் மேயர் என்னும் ஆய்வாளர் 2003-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைச் சிறுபான்மையினர் மன அழுத்தம் என்ற பெயரால் விளக்கினார். இந்தப் பிள்ளைகளின் துயரம் அவர்களுடைய ஈர்ப்பிலிருந்து பிறப்பதன்று. இகழ்ச்சியிலிருந்தும், எப்போது வெளிப்படுமோ என்ற பயத்திலிருந்தும், ஓயாமல் ஒளித்துவைக்கும் உழைப்பிலிருந்தும் பிறக்கிறது என்பது அதன் சாரம். உணவுமேசையில் நடையையும் குரலையும் கையசைவையும் காவல் காக்கிற பிள்ளைக்குத் தோள்கள் இறுகாமல் என்ன செய்யும்? தூக்கம் எப்படி வரும்? 2009-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கேய்ட்லின் ரயானும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தாரால் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட இளையோர், அத்தகைய புறக்கணிப்பு இல்லாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள் எனத் தெரிந்தது. பெற்றோரே, அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நம் வீட்டுக் கதவு திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒரு பிள்ளையின் உயிரைத் தொடுகிறது.

இனி மூன்று குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, மூச்சுப் பயிற்சி அந்நிய மார்க்கம் என்பது. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தேவன் மண்ணினால் மனுஷனை உருவாக்கி அவன் நாசியில் ஊதினது எதை? உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் பயந்திருந்த சீஷர்கள்மேல் ஊதியபோது கொடுத்தது எதை? நாம் ஆத்துமா என்று வாசிக்கும் இடங்களில் எபிரெயத்தில் நிற்கும் சொல் நெபெஷ். அதற்குத் தொண்டை என்றும் பொருளுண்டு. மூச்சு போய்வரும் வழி அது. கிழக்கத்தியத் திருச்சபையின் துறவிகள், ஆத்தோஸ் மலையிலும் பிறவிடங்களிலும், இயேசுவின் நாமத்தை மூச்சோடு இணைத்து நூற்றாண்டுகளாக ஜெபித்துவருகிறார்கள். மூச்சு எந்த மார்க்கத்தின் தனிச்சொத்துமன்று. அது சிருஷ்டிகர் கொடுத்த ஈவு.

நீளமாக மூச்சுவிடும்போது நடப்பதும் மறைபொருளன்று. மூளையிலிருந்து இதயத்திற்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பைத் தணிக்கிறது. ஆகையால் உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளிவிட்டால் நெஞ்சின் படபடப்பு குறைகிறது. நம் மாதர் சங்கத்தார் கீர்த்தனையின் நீண்ட அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடி முடித்தபின் அடையும் இளைப்பாறுதலில் இதற்கும் பங்குண்டு. நாம் அறியாமல் செய்ததை ஆலோசகர் அறிந்து செய்யக் கற்றுக்கொடுத்தார்.

இரண்டாவது, பாவத்தைத் தட்டிக்கொடுத்தேன் என்பது. இங்கே நம் வேதவாசிப்பிலுள்ள ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். பவுல் கண்டிக்கும் மாம்சம் கிரேக்கத்தில் சார்க்ஸ். சரீரம் என்பது சோமா. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் அடுக்கும் மாம்சத்தின் கிரியைகளில் பகையும் வைராக்கியமும் கோபமும் சண்டையும் உண்டு. தோலுக்கும் எலும்புக்கும் மட்டும் உரியவை அல்ல அவை. சரீரத்தையோ அதே பவுல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். திருச்சபையைக் கிறிஸ்துவின் சரீரம் என்கிறார். நாமோ இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பிள்ளைகளின் சரீரத்தையே சத்துருவாக எண்ணக் கற்றுக்கொடுத்தோம். பட்டினி போட்டோம், அதட்டினோம், வெட்கப்படுத்தினோம்.

லேவியராகமத்தையும் ரோமர் நிருபத்தையும் இவ்விஷயத்தில் எப்படி வாசிப்பது என்பதில் திருச்சபைகள் ஒருமனப்படவில்லை. நம் சபையும் அப்படியே. இந்தப் பிள்ளைகளின் ஈர்ப்பும் அடையாளமும் பிசாசின் கிரியையன்று, அவர்களும் தேவசாயலாகவே சிருஷ்டிக்கப்பட்டவர்கள் என்பது நீண்ட நாள் ஜெபித்து நான் வந்தடைந்த முடிவு. உங்களில் சிலர் இதை ஏற்கமாட்டீர்கள். ஆனால் ஏற்காதவரையும் கேட்கிறேன்: நெரிந்த நாணலை முறிக்காதவர் என்று ஏசாயா யாரைக் குறித்துச் சொன்னார்? அவருடைய ஊழியத்தைச் செய்கிற நமக்கு நாணலை முறிக்க உத்தரவு கொடுத்தது யார்? ஆகாரக் கட்டளைகளிலோ விவாகரத்திலோ உங்களோடு மாறுபடுகிறவருக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி கொடுக்கத் தயங்குவீர்களா? பயத்தில் உறைந்த பிள்ளைக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பதற்கு மட்டும் வேதவிளக்கத்தில் உடன்பாடு ஏன் தேவைப்படுகிறது?

மூன்றாவது, ஜெபமிருக்க ஆலோசகர் எதற்கு என்பது. ஜெபத்தை நான் குறைத்துப் பேசுகிறவனல்ல. ஆனால் ஜெபம் என்ற பெயரால் நடப்பவற்றை ஆராயக் கடமைப்பட்டவன். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து 1990-இல் நீக்கியது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை, பால்புதுமையரை "மாற்றிவிட" முயலும் சிகிச்சைகளைத் தடை செய்தது. அந்த நீதியரசர் தமக்கு இவ்விஷயத்தில் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனநல வல்லுநரிடம் அமர்ந்து கற்றபின்பே தீர்ப்பு எழுதினார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. மருத்துவர் செய்தால் குற்றம் என்று உலகம் அறிந்துகொண்டதை, மருத்துவம் அறியாத நாம் இயேசுவின் நாமத்தினால் செய்துகொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் இத்தகைய "மாற்றத்தை" வாக்களித்த கிறிஸ்தவ ஊழியங்களுள் மிகப் பெரியதாயிருந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013-இல் தன்னைத்தானே மூடிக்கொண்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் தாங்கள் விளைவித்த காயங்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பல ஆண்டுகள் அந்த வழியில் நடந்துபார்த்தவர்களே திரும்பிவந்துவிட்டார்கள். நாம் இன்னும் அதே வழியில் பிள்ளைகளை அனுப்புவது ஏன்?

சரீரத்தை நாடும் வழிகளிலும் பகுத்தறிதல் வேண்டும். முந்தைய தலைமுறையில் தன்பாலீர்ப்பை மாற்றுவதற்காக மின்னதிர்ச்சியும் குமட்டல் மருந்தும் கொடுத்த மருத்துவர்களும் சரீரத்தின்மேல்தான் வேலை செய்தார்கள். ஊடுபால் குழந்தைகள் தம் சம்மதமின்றி அறுவைச் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நிலைகள் தவிர மற்றபடி அதைத் தமிழ்நாடு அரசு 2019-இல் தடை செய்தது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: இந்தச் சரீரத்தை மாற்றப் பார்க்கிறோமா, அதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறோமா? பிள்ளையின் ஈர்ப்பை மாற்றுவதற்கென்று ஒருவர் மூச்சுப் பயிற்சி கற்பித்தால் அதையும் நான் எதிர்ப்பேன்.

இன்னொன்றையும் ஆலோசகரிடம் கற்றேன். "உன் உடலைக் கவனி" என்ற சொல்லே சிலருக்கு வேதனையாகும். தன் சரீரம் தனக்குப் பொருந்தவில்லை என்று உணரும் திருநம்பிக்கோ திருநங்கைக்கோ மார்பையும் வயிற்றையும் கவனிக்கச் சொல்வது இளைப்பாறுதல் தராமற்போகலாம். தீங்கிழைக்கப்பட்டவருக்குக் கண்ணை மூடுவதே பழைய பயத்தை எழுப்பலாம். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே பாதத்தையோ உள்ளங்கையையோ, சன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தையோ கவனிக்கலாம். வேண்டாமென்றால் எதையும் செய்யாமலிருக்கலாம். தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுடையது. ஆண்டவரும் இவ்விதமே நடந்தார். பெதஸ்தா குளத்தருகே கிடந்தவனிடம் சுகமாக விரும்புகிறாயா என்று கேட்டார். பர்திமேயுவின் குருடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருந்தும், தாம் என்ன செய்யவேண்டும் என்று அவனையே கேட்டார். நாங்கள் ஆறு பேர் அந்த இளைஞனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆகையால் உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை தன்னைப் பற்றிய உண்மையை உங்களிடம் சொல்லும் நாளில் முதலில் உங்கள் பாதங்களைத் தரையில் ஊன்றி, நீளமாக மூச்சுவிடுங்கள். உங்கள் சரீரமும் பயந்திருக்கும். பயந்த வாய் பேசுவதைத் திரும்ப எடுக்க முடியாது. "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் அந்தக் கேள்வியாகவே வருகிறது. சூரைச்செடியின் கீழும் அது உணவாகவே வந்தது. அன்றிரவு அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

ஜெபக்குழுவினரே, அனுமதி கேளாமல் எவர் தலையிலும் கை வைக்காதிருங்கள். வேண்டாம் என்றால் யோபுவின் சிநேகிதர் வாய் திறக்குமுன் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள். தரையில் கூடவே உட்கார்ந்திருங்கள். அவர்கள் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான். துன்பத்திலிருக்கும் பிள்ளைக்கு உபவாசம் நியமிக்காதிருங்கள். அவன் உங்களை நம்பிச் சொன்னதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நான்கு வீட்டுக்குக் கொண்டுபோகாதிருங்கள்.

வாலிபர் ஐக்கியத்தாரே, சரீரத்திற்கு நடையும் விளையாட்டும் பாட்டும் வேண்டும். பந்தாட்டத்திலும் பாடகர் குழுவிலும் எல்லாருக்கும் இடம் கொடுங்கள். ஒருவனுடைய நடையையோ குரலையோ பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அவன் தசையில் ஆண்டுக்கணக்காகத் தங்கும்.

நானும் நீங்களும் மருத்துவர்களல்ல. சாகவேண்டும் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. தேர்ந்த மனநல மருத்துவரின் உதவி உடனே வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. அழைப்பதற்கு வெட்கப்படாதிருங்கள். எலியாவுக்கும் தூதன் இரண்டு முறை வரவேண்டியிருந்தது. முடிவில் அவனுக்கு எலிசா என்னும் துணையும் கொடுக்கப்பட்டது.

கமிட்டி இந்தக் கடிதத்தின்மேல் என்ன தீர்மானம் எடுக்கும் என்று அறியேன். அந்த ஆலோசகரை இனி அழைக்கக் கூடாது என்று தீர்மானித்தால், அவரை ஆயர் இல்லத்தின் திண்ணைக்கு அழைப்பேன். வருகிற பிள்ளைகளுக்கு என் மனைவி இட்லி வைப்பார். 20 ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் என் கைகளின் கீழ் மூச்சற்றுப்போனான். இன்னொரு பிள்ளைக்கு அப்படி நேர நான் காரணமாகமாட்டேன். இந்தச் சபை காரணமாகவும் என் மௌனத்தால் இடங்கொடேன்.

ஜெபிப்போம்.

எங்கள் நாசியில் ஊதின தேவனே, பயத்தினால் மூச்சுத் திணறுகிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். எங்கள் கைகளால் காயப்பட்டவர்களை நீரே தேற்றும். அவர்கள் சரீரம் உம்முடைய ஆலயம் என்பதை முதலில் எங்களுக்குக் கற்றுத்தாரும். உரத்த சத்தத்தைவிட்டு உம்முடைய மெல்லிய சத்தத்திற்குத் திரும்ப எங்களுக்கு மனந்தாரும். எங்கள் கையில் அடையும் தண்ணீரும் இருக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் ஆயர்